வீட்டு விதைகளை ஆண்டுக்கணக்கில் காப்பது எப்படி?

நம் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்த நாட்டு அவரை, வரிக் கத்தரி, குண்டுச் சுரை, குட்டைப் புடல் போன்ற பலவற்றுக்கு விதைக் கடையில் பாக்கெட் கிடையாது. உம்மம்மா கையிலிருந்து உம்மாவுக்கும், மாமியிடமிருந்து மருமகளுக்கும், பக்கத்து வீட்டிலிருந்து நமக்கும் வந்தவை அவை. ஒரு ஊரில் இரண்டே வீடுகளில் மட்டும் இருக்கும் அவரை ரகங்கள் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் வஃபாத்தான பிறகு பரணைச் சுத்தம் செய்யும்போது, பேர் தெரியாத விதைப் புட்டி குப்பையோடு போய்விடுகிறது. அதோடு அந்த ரகமும் போய்விடுகிறது.

புட்டி பத்திரமாக இருந்தாலும் சில வீடுகளில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆடி மாதம் விதையை எடுத்து ஊன்றினால் பத்துக்கு இரண்டுகூட முளைப்பதில்லை. "விதை பழசாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் வயதைவிட ஈரமே காரணம். ஈரத்தை எடுத்து, மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் அதே விதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காலம் உயிரோடு இருக்கும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கண்ணாடிப் புட்டியும் இரண்டு கை அரிசியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

விதை மூச்சு விடுகிறது

காய்ந்து கிடக்கும் விதையைப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. உள்ளே அது உயிருள்ள பொருள். மிக மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, தன்னிடம் இருக்கும் உணவைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டு உறங்குகிறது. ஈரமும் வெப்பமும் கூடினால் அந்த மூச்சு வேகமெடுக்கிறது. உணவு தீர்கிறது, உள்ளிருக்கும் கரு தளர்கிறது. பூஞ்சணமும் வண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஈரமும் வெப்பமும் குறைந்தால் உறக்கம் ஆழமாகிறது, ஆயுள் நீள்கிறது.

இதை எளிய கணக்காகச் சொன்னவர் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை ஆராய்ச்சியாளர். விதையின் ஈரத்தை ஒரு சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தாலும் அதேபோல் இரட்டிப்பாகும். 12 சதவீத ஈரம் உள்ள விதையை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நான்கு முறை இரட்டிப்பாகிறது. அதாவது கணக்குப்படி பதினாறு மடங்கு. வீட்டில் அவ்வளவு துல்லியம் கிடைக்காது என்றாலும், எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அறையின் வெப்பத்தைக் காய்ச்சல் பார்க்கும் ஃபாரன்ஹீட் அளவில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100க்குக் கீழே இருந்தால் விதை நெடுநாள் இருக்கும். நம் கடலோர ஊர்களில் சாதாரண நாளில் வெப்பம் 86, ஈரப்பதம் 75. கூட்டினால் 161. திறந்த டப்பாவில் வைத்த விதை ஏன் ஒரே மழைக்காலத்தில் கெடுகிறது என்பதற்கு இதுவே விடை. அதே விதை நன்றாகக் காய்ந்து, இறுக மூடிய புட்டிக்குள் 30 சதவீத ஈரப்பதத்தில், குளிர்சாதனப் பெட்டியில் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தால் கூட்டுத்தொகை 71தான்.

அடுப்படிப் பரண் ஏன் இப்போது உதவுவதில்லை

நம் பெரியவர்கள் விதையை அடுப்படியில்தான் வைத்தார்கள். விறகு அடுப்புக்கு மேலே பரணிலோ உறியிலோ மண் கலயம் தொங்கும். சுரைக்குடுக்கைக்குள் விதையைப் போட்டு வாயை அடைத்து வைப்பதும் உண்டு. தினமும் எழும் அனல் விதையில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டது. புகை வண்டை அண்டவிடவில்லை. அந்த இடம் காரணத்தோடு தேர்ந்தெடுத்த இடம்.

இன்று விறகு அடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. புகை இல்லை. குக்கர் ஆவியும் சோறு வடிக்கும் ஆவியும் மட்டும் இருக்கின்றன. வீட்டிலேயே ஈரமும் சூடும் அதிகமான அறை இப்போது சமையலறைதான். பழக்கத்தால் விதை டப்பா மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. முறையின் பாதி போய்ப் பாதி மட்டும் மிஞ்சியிருப்பதால்தான் "அந்தக் காலத்தில் கெடாதது இப்போது கெடுகிறது." விதையை முதலில் சமையலறையிலிருந்து வெளியே எடுங்கள்.

சாம்பலில் புரட்டுவது, செம்மண் கட்டுவது, வசம்புப் பொடி, வேப்பிலை, நொச்சி இலை போடுவது ஆகிய பழைய முறைகள் இன்றும் பயன்படும். அவை பெரும்பாலும் வண்டைத் தடுக்கும். வண்டைத் தடுப்பது வேறு, ஈரத்தைத் தடுப்பது வேறு. வேப்பிலை போட்ட டப்பாவின் மூடி தளர்வாக இருந்தால் விதையில் வண்டு இருக்காது, உயிரும் இருக்காது.

எந்த விதையைச் சேர்த்து வைக்கலாம்?

பாக்கெட்டில் "எஃப்-1" அல்லது "ஹைபிரிட்" என்று போட்டிருந்தால் அதில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை. அது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய ஒட்டு விதை. அடுத்த தலைமுறையில் ஒரு செடி ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி வரும். தலைமுறையாக ஒரே குணத்தோடு வரும் நாட்டு ரகங்களைத்தான் சேர்க்க வேண்டும். கடை விதை சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியிருந்தால் அதில் பூச்சிமருந்து இருக்கும். பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள்.

தக்காளி, அவரை, காராமணி ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை. ஒரே தோட்டத்தில் இரண்டு ரகம் இருந்தாலும் அதிகம் கலக்காது. கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றில் தேனீ, எறும்பு மூலம் ஓரளவு கலப்பு வரும். சுரை, பூசணி, பீர்க்கு, பாகல், புடல், வெள்ளரி ஆகியவை தேனீயையோ அந்துப்பூச்சியையோ நம்பித்தான் காய்க்கின்றன. சுரையும் பீர்க்கும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் குண்டுச் சுரையும் நீட்டுச் சுரையும் அருகருகே இருந்தால் கட்டாயம் கலந்துவிடும். விதைக்காக விடும் ஆண்டில் ஒரு வகையில் ஒரு ரகம் மட்டும் போடுவது எளிய வழி. ஒரே செடியிலிருந்து எல்லா விதையையும் எடுக்காமல், நோயில்லாத ஐந்தாறு செடிகளிலிருந்து எடுத்துக் கலந்து வையுங்கள்.

சில விதைகளை உலர்த்தவே கூடாது. மா, பலா, நாவல், கறிவேப்பிலை ஆகியவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். வேப்பங்கொட்டைக்கும் ஆயுள் சில வாரங்கள்தான். இனி சொல்லப்போவது காய்கறி, பயறு, கீரை விதைகளுக்கு.

முற்றிய காய்தான் விதைக்காய்

சமையலுக்குப் பறிக்கும் பதம் வேறு, விதைக்குப் பறிக்கும் பதம் வேறு. இளம் காயிலிருந்து எடுத்த விதை முளைத்தாலும் நெடுநாள் தாங்காது. நல்ல காய்களில் சிலவற்றைத் துணி கட்டி அடையாளம் வைத்து, செடியிலேயே முற்ற விடுங்கள்.

கத்தரி: காய் முழுவதும் மஞ்சளாகி மெத்தென்று ஆக வேண்டும். சதையைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பவை பதர்.

தக்காளி: நன்றாகக் கனிந்ததை நறுக்கி, விதையைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் விட்டு ஒன்று அல்லது இரண்டு நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்துவிடும். அதற்கு மேல் விட்டால் நம் சூட்டில் கிண்ணத்திலேயே முளை விட்டுவிடும். பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

மிளகாய்: செடியில் நன்றாகச் சிவந்த பழத்தை நிழலில் காயவைத்து விதையைப் பிரியுங்கள். தண்ணீர் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வெண்டை, அவரை, காராமணி, கொத்தவரை: நெற்று செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் விதை சலசலக்க வேண்டும். மழை வரும்போல் இருந்தால் செடியோடு பிடுங்கி உள்ளே தலைகீழாகத் தொங்கவிடலாம்.

சுரை, பீர்க்கு: கொடியிலேயே காய்ந்து ஓடாக வேண்டும். பூசணியைப் பறித்த பிறகும் மூன்று நான்கு வாரம் வீட்டுக்குள் வைத்திருந்து வெட்டினால் விதை இன்னும் திரளும். பாகல் பழமாகிச் சிவந்த சதைக்குள் விதை தெரியும்போது எடுத்து, அந்தச் சதையைக் கழுவிவிடுங்கள்.

எந்தக் காலத்தில் விதை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆடிப் பட்டத்தில் போட்ட செடியின் காய் முற்றும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்கிறது. காயும் நனைகிறது, காயவைக்கவும் வழியில்லை. தைப் பட்டத்தில் போட்டால் பங்குனி, சித்திரையில் விதை முற்றும். வெயிலும் காற்றும் உதவும். முடிந்தவரை விதைக்காயை இந்தப் பட்டத்தில் விடுங்கள்.

உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

இரண்டு கட்டமாக உலர்த்த வேண்டும்.

முதல் கட்டம் நிழலும் இளவெயிலும். கழுவிய விதையை முறத்திலோ பருத்தித் துணியிலோ ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வையுங்கள். பிளாஸ்டிக் தாளில் பரப்பினால் அடிப்பக்க ஈரம் போகாது. பிறகு நான்கைந்து நாட்கள் காலை 11 மணி வரையும், மாலை 4 மணிக்கு மேலும் இளவெயில் காட்டுங்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடித் தரையிலோ தகரத் தட்டிலோ கொட்டக் கூடாது. தரை 50 டிகிரியைத் தாண்டிவிடும். விதைக்கு 40 டிகிரிக்கு மேல் ஆபத்து. சூரியன் மறையும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் விட்டால் பகலில் போன ஈரத்தைப் பனி திரும்பக் கொடுத்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க வழி உண்டு. பூசணி, சுரை விதையை வளைத்தால் மடங்காமல் "டக்" என்று உடைய வேண்டும். அவரை விதையைக் கடித்தால் பல் பதியாமல் தெறிக்க வேண்டும். கத்தரி, தக்காளி விதை கையில் ஒட்டாமல் மணல் போல உதிர வேண்டும்.

நம்மில் பலர் இதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கீழே விதையை வெறும் காற்றால் உலர்த்த முடியாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும் ஊரில் பயறு விதை ஏறக்குறைய 14 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். நெடுநாள் வைக்க அது 8, 9 சதவீதத்துக்கு வர வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் போன்ற சிறு விதைகளுக்கு 6, 7 சதவீதம் நல்லது. உள்நாட்டு ஊர்களில் கோடை நடுப்பகலில் காற்று வறண்டிருக்கும் என்பதால் அங்கே ஓரளவு இறங்கும். கடலோர ஊர்களில் கோடையிலும் காற்று பிசுபிசுப்பாக இருப்பதால் இரண்டாவது கட்டம் கட்டாயம்.

இரண்டாவது கட்டம் அரிசி முறை. பச்சரிசியை வெறும் வாணலியில் சிறு தீயில் இலேசாகச் சிவக்கும்வரை வறுங்கள். சூடாக இருக்கும்போதே உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் பாதிவரை கொட்டி மூடிவிடுங்கள். திறந்து வைத்து ஆற விட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முழுவதும் ஆறிய பிறகு, மெல்லிய துணியில் கட்டிய விதையை அரிசியின் மேல் வைத்து இறுக மூடுங்கள். ஒரு பங்கு விதைக்கு இரண்டு மூன்று பங்கு அரிசி வேண்டும். இரண்டு வாரத்தில் விதையின் மிச்ச ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும். பிறகு விதையை வேறு புட்டிக்கு மாற்றுங்கள். அந்த அரிசியை மறுபடி வறுத்து அடுத்த விதைக்குப் பயன்படுத்தலாம்.

சிலிக்கா ஜெல் கிடைத்தால் வேலை இன்னும் விரைவு. விதையின் எடைக்குச் சம எடை போட்டால் ஒரு வாரம் போதும். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். ஈரம் ஏறியதும் பச்சையாக மாறிக் காட்டும். நீல நிறத்தில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் சிறு பொட்டலங்கள் நம் கைக்கு வரும்போதே பெரும்பாலும் ஈரம் ஏறியிருக்கும். அவற்றை அப்படியே போடுவதில் பயனில்லை.

அவரை, காராமணி, வெண்டை விதைகளை இரண்டு வாரத்துக்கு மேல் இந்த உலர்த்தலில் விட வேண்டாம். அளவுக்கு மீறிக் காய்ந்தால் தோல் வெடிக்கும், அல்லது தண்ணீரை உறிஞ்சாத கல்விதையாகிவிடும்.

அடைப்பதும் வைப்பதும்

காய்ந்த விதைக்குக் கண்ணாடிப் புட்டி சிறந்தது. ஜாம், ஊறுகாய், ஹார்லிக்ஸ் புட்டிகளைக் கழுவி, வாடை போக வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். மூடிக்குள் ரப்பர் வளையம் இருப்பது நல்லது. இல்லையென்றால் மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுங்கள். பிளாஸ்டிக் பை கட்டியது போல் தோன்றினாலும் மெதுவாக ஈரத்தை உள்ளே விடும். ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறைகளை ஒரே புட்டிக்குள் வைக்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை: சரியாகக் காயாத விதையைக் காற்றுப் புகாமல் மூடுவது, திறந்து வைப்பதைவிட மோசம். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போக வழியின்றி விதை புழுங்கிச் சாகும். சந்தேகம் இருந்தால் மூடாதீர்கள். இன்னும் உலர்த்துங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் வீட்டின் குளிர்ந்த, இருண்ட மூலையில், கீழ் அலமாரியில் வையுங்கள். பெட்டிக்கு மேலேயும், மாடிக் கூரையை ஒட்டிய பரணிலும், ஜன்னல் ஓரத்திலும் சூடு அதிகம். பெட்டிக்குள் வைப்பதானால் கதவுத் தட்டில் அல்ல, உள் மூலையில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. ஒரு இரவு அப்படியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த புட்டியைத் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே துளிர்ப்பது போல விதையின் மேல் நீர் படிந்துவிடும். ஐஸ் கட்டி வைக்கும் பகுதி அரிசி முறையிலோ ஜெல்லிலோ நன்றாக உலர்ந்த விதைக்கு மட்டும் ஏற்றது. ஈர விதைக்குள் நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிடும்.

புட்டியின் மேல் ரகத்தின் பேர், விதை எடுத்த மாதமும் ஆண்டும், யார் வீட்டிலிருந்து வந்தது ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அதே விவரத்தைப் பென்சிலால் எழுதி உள்ளேயும் ஒரு சீட்டுப் போடுங்கள். பேர் இல்லாத விதையை அடுத்த தலைமுறை குப்பையில்தான் போடும்.

வண்டுக்கு என்ன செய்வது?

பயறு வண்டு பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே வருகிறது. நெற்றின் மேல் முட்டையிட்டு, புழு விதைக்குள் புகுந்து, புட்டிக்குள் வண்டாக வெளியே வரும். அதனால் அவரை, காராமணி விதையைப் பொறுக்கும்போதே ஓட்டை உள்ளதை ஒதுக்குங்கள். நன்றாக உலர்ந்த விதையை மூன்று நான்கு நாள் ஐஸ் பகுதியில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும்.

அந்த வசதி இல்லாவிட்டால் சலித்த விறகுச் சாம்பலோடு கலந்து வையுங்கள். சாம்பல் விதைகளுக்கிடையே உள்ள இடத்தை அடைத்து வண்டை நடமாட விடாது. அதன் உடலின் மெழுகுப் பூச்சையும் உராய்ந்து உலர வைத்துவிடும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வசம்புப் பொடியோ, 5 மில்லி விளக்கெண்ணெயோ பூசுவதும் உண்டு. பாச்சை உருண்டையும் பூச்சி மருந்தும் வேண்டாம். அடுப்படிப் பயறோடு கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எத்தனை ஆண்டு தாங்கும்?

நன்றாக உலர்த்தி, மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் எதிர்பார்க்கக்கூடியது இது:

வெங்காயம், முருங்கை: 1 முதல் 2 ஆண்டு.
வெண்டை, மிளகாய்: 2 முதல் 3 ஆண்டு.
அவரை, காராமணி: 3 ஆண்டு.
கத்தரி, தக்காளி, கீரை: 4 ஆண்டு.
பூசணி, சுரை, வெள்ளரி: 4 முதல் 5 ஆண்டு.

குளிர்சாதனப் பெட்டியில் இதைவிடக் கூடுதலாகவும், அறை வெப்பத்தில் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

ஊகத்தில் இருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பத்து விதையை எடுத்து ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒரு டப்பாவில் மூடி சற்றுத் திறந்தபடி வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள். அவரை, வெண்டைக்கு ஒரு வாரம், கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் கவலையில்லை. ஐந்து முதல் ஏழு என்றால் இந்தப் பட்டத்திலேயே நெருக்கமாக விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் இருப்பதில் பெரும் பகுதியை இப்போதே போடுங்கள். இரண்டு செடி தேறினாலும் ரகம் பிழைத்தது. எந்த ஆண்டிலும் கடைசி விதைவரை ஊன்றிவிடாமல் ஒரு பிடியை ஒதுக்கி வையுங்கள்.

ஒரே வீட்டில் வைத்திருப்பது காப்பது ஆகாது

எவ்வளவு நன்றாக உலர்த்தினாலும் ஒரு வெள்ளமோ எலியோ வீடு மாற்றமோ போதும், புட்டி போய்விடும். இதற்குப் பெரிய அளவில் ஒரு பாடம் சிரியாவில் கிடைத்தது. ஹலப் நகரத்துக்கு அருகில், வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி மையமான இக்கார்டாவின் விதை வங்கி இருந்தது. கோதுமை, வாற்கோதுமை, கொண்டைக்கடலை, பயறு என்று மேற்கு ஆசிய விவசாயிகள் தலைமுறையாகக் காத்த ரகங்கள் அங்கே குளிரறையில் இருந்தன. 2011இல் தொடங்கிய போரால் அந்த மையம் அங்கே தொடர்ந்து இயங்க முடியாமல் போனது.

ஆனால் அந்த விஞ்ஞானிகள் முன்கூட்டியே ஒரு வேலை செய்திருந்தார்கள். 2008இல் நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், மலையைக் குடைந்து, மைனஸ் 18 டிகிரி குளிரில் உலக நாடுகளின் விதைகளைப் பாதுகாக்கும் பெட்டகம் திறக்கப்பட்டது. தங்கள் விதைகளில் பெரும்பகுதிக்கு ஒரு மறுபிரதியை அங்கே அனுப்பி வைத்திருந்தார்கள். 2015இல் அதைத் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017இல் புது விதையின் ஒரு பகுதியை மீண்டும் ஸ்வால்பார்டுக்கே அனுப்பிவைத்தார்கள். மறுபிரதி இருந்ததால்தான் மீட்க முடிந்தது.

நமக்கு மலைக்குகை தேவையில்லை. விதையை மூன்று பங்காக்குங்கள். ஒன்று இந்தப் பட்டத்தில் விதைக்க. ஒன்று உங்கள் புட்டியில். மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் ராத்தாவுக்கோ மாமா வீட்டுக்கோ. நூறு கத்தரி விதை அரைத் தேக்கரண்டிகூட வராது. தபால் உறையில் அனுப்பிவிடலாம். பெறுகிறவர் பயிரிட்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கே தேவைப்படும்போது திரும்பக் கிடைக்கும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பு பல தலைமுறையாக யாரும் சான்றிதழ் கொடுக்காமலே விவசாயக் குடும்பங்கள் ஆண்டுதோறும் விதை எடுத்து வைத்ததால்தான் அந்த ரகங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் கொல்லையில் இருக்கும் அவரைக்கு ஊரில் வைத்த பேரைத் தவிர வேறு பேர் இல்லாமல் இருக்கலாம். அதைக் காக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த வாரம் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் எந்த விதை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு ரகத்திலும் பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். முளைப்பதைப் பிள்ளைகள் எண்ணட்டும். இரண்டு வாரத்தில், எதை உடனே விதைக்க வேண்டும், எதைப் புட்டியில் அடைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.